எல்லாம் நில்

அம்மா போனில் பெரியம்மாவிடம் பேசும்போது குரலை உயர்த்துவாள். பெரியம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். சமையலறையில் இருக்கும் அண்ணிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குரல்.

"டெஸ்ட் எடுத்தாச்சுக்கா. என் பையனுக்கு எல்லாம் நில். ஒண்ணு ரெண்டு இல்ல, கடைசி வரைக்கும் நில்லுதான். இவ ரிப்போர்ட்டைப் பார்த்தா வரிக்கு வரி நம்பர். ஆறு புள்ளி ரெண்டுங்கறான், ரெண்டு புள்ளி எட்டுங்கறான். உடம்பா அது, மீட்டர் பெட்டியா?"

சமையலறைக் குழாயின் சத்தம் கூடியது. அம்மா பேச ஆரம்பித்தால் அண்ணி குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். ஏழு வருடமாக இதுதான் பதில்.

நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் டெஸ்ட் எடுத்த விஷயமே அப்போதுதான் எனக்குத் தெரியும். நான் வேலை பார்ப்பது ஒரு பரிசோதனை நிலையத்தில். நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டியது எதுவானாலும் என் மேஜைக்கு வரும். சிறுநீர், சளி, விந்து எல்லாம். எல்லாம் நில் என்று அம்மா சொன்னபோது எந்தத் தாளில் இருந்த நில் அது என்று யோசித்தேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை.

அன்று மாலை அம்மாவே அந்தத் தாளைக் கொண்டுவந்தாள். கசங்காமல் இருக்க பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டிருந்தாள். அண்ணன் வண்டியின் இன்சூரன்ஸ் தாள்களுக்கு நடுவில் கிடந்ததாம்.

"எல்லாம் சரியா இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் என்னன்னு பாருடி. பாசிட்டிவ்னு போட்டிருக்கான். ஃப்ரக்டோஸ்னா சர்க்கரைதானே? என் சர்க்கரை இவனுக்கும் வந்துடுச்சா?"

நான் வாங்கிப் பார்த்தேன். விந்துப் பரிசோதனை. வேறொரு நிலையத்தில் எடுத்தது. அளவு, நிறம், காரத்தன்மை எல்லாம் சரி. விந்தணு எண்ணிக்கை என்ற வரிக்கு எதிரே நில். அசைவு, நில். உருவம், நில். சீழ் செல், நில். கீழே சின்ன எழுத்தில், மாதிரியை இயந்திரத்தில் சுழற்றி அடியில் தங்கியதையும் பார்த்ததாகவும், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்யவும் என்றும் இருந்தது. தேதி நான்கு மாதத்துக்கு முந்தையது.

"சொல்லேன்டி."

"அது இருக்க வேண்டிய சர்க்கரைதாம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல."

"அப்ப அவனுக்கு ஒரு குறையும் இல்ல." தாளை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டாள்.

இந்தத் தப்பு என்னிடமிருந்து தொடங்கியது. அம்மாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்து வந்த சிறுநீர் ரிப்போர்ட்டைக் காட்டி, "இது என்னடி, வரிக்கு வரி நில்லு நில்லுன்னு அதட்டுறான்?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். "நில்னா நல்லதும்மா. நில்னு இருந்தா கவலையே பட வேண்டாம்" என்றேன். வேலை முடிந்து வந்த அலுப்பு. அதற்கு மேல் விளக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா எந்த ரிப்போர்ட்டிலும் அந்த மூன்று ஆங்கில எழுத்தைத்தான் தேடுவாள். கிடைத்தால் நல்ல உடம்பு. நம்பர் இருந்தால் வியாதி.

அண்ணியின் கோப்பில் இருந்ததெல்லாம் நம்பர்கள். சூல்முட்டை இருப்பு, தைராய்டு, கருப்பையின் நீள அகலம். எல்லாமே இருக்க வேண்டிய அளவில் இருந்தன. அம்மா அவற்றைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாள் இருந்தது. அன்று அண்ணியின் அப்பா வருகிறார். அண்ணியை நிரந்தரமாக அவரோடு அனுப்பிவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். சும்மா அனுப்பக் கூடாது. குறை என் பெண்ணிடம்தான் என்று அவர் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு அண்ணனுக்கு வேறு பெண். பெரியம்மா ஏற்கெனவே இரண்டு படம் அனுப்பியிருந்தாள். அம்மா அதில் ஒன்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இடுப்பு அகலமா இருக்கு. இவ பெத்துப் போடுவா" என்றாள். அண்ணி அப்போது அவளுக்கு டீ வைத்துக்கொண்டிருந்தாள்.

* * *

அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறான். பள்ளி என்றால் ஒரு கார், ஒரு பலகை, அவன். காரில் அவன் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் கிளட்ச்சும் உண்டு. மாணவர்கள் வருவதற்கு முன்பு, காலையில் அரை மணி நேரம் எனக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். 

மூன்றாம் நாள் காலை நான் பேசினேன். சாலையைப் பார்த்துக்கொண்டே பேசலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஹாஃப் கிளட்ச். ஹாஃப்னு சொன்னேன். பி.எஸ்ஸி. படிச்சவளுக்குப் பாதின்னா என்னன்னு தெரியாதா?"

"அண்ணா, அம்மா அந்த ரிப்போர்ட்டைக் காட்டினா."

கார் முன்னால் குலுங்கி நின்றது. நான் எதையும் மிதிக்கவில்லை. பின்னால் வந்த வேன் நீளமாக ஹாரன் அடித்துவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"கண்ணாடியைப் பார்த்தியா?"

"பிரேக் போட்டது நீ."

"பின்னாடி வண்டி வருதான்னு கண்ணாடியைப் பார்த்தியான்னு கேட்டேன்."

"பார்த்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"வேன்."

"அதை மட்டும் பாரு. மத்தது உனக்குத் தேவையில்ல."

நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அம்மா தப்பா புரிஞ்சுக்கிட்டிருக்கா. அண்ணிகிட்டயாவது நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"நான் பொய் சொல்லல. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அதுல என்ன பொய்?" அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் மாணவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. "ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லதான். நீயே தாளைப் பார்த்தியே."

"ரெண்டாவது தடவை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கு. அடைப்பா இருந்தா சரி பண்ணலாம். ஹார்மோன் குறைவா இருந்தா ஊசி இருக்கு. ஒரு தாளோட விடக் கூடாது."

"எங்க போய் எடுக்கறது? உன் மேஜைக்கா? என் தங்கச்சி கண்ணை வெச்சு எண்ணிப் பார்த்து, பூஜ்யம்னு கையெழுத்துப் போடுவாளா?"

"வேற இடத்துல எடு."

"உங்க லேப்ல இப்படித்தான் எல்லார் ரிப்போர்ட்டையும் படிச்சுட்டு அவங்க வண்டியில உட்கார்ந்து அட்வைஸ் பண்ணுவீங்களா?"

ரிப்போர்ட் அதற்குரியவர் கைக்குத்தான் போக வேண்டும். அவர் மனைவி கேட்டாலும் தரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொன்னது அது.

"அண்ணி ஞாயித்துக்கிழமை போயிடுவாங்க" என்றேன்.

"போகட்டும். அவளுக்கும் நல்லதுதான். வேற எவனையாவது கட்டிக்கிட்டுப் பெத்துக்கட்டும்."

"குறை அவங்க மேலன்னு சொல்லித்தானே அனுப்பறீங்க. அப்புறம் யாரு கட்டிப்பா?"

அவன் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலைமுடியைச் சரிசெய்தான். பிறகு மெதுவாகப் பேசினான். "ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. அடுத்த வருஷம் உனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போறோம். அண்ணனுக்கே இல்லையாமே, தங்கச்சிக்கு எப்படியோன்னு வர்றவன் கேட்பான். உன் நுண்ணோக்கியைக் காட்டி விளக்கம் சொல்லுவியா? உன் வாய்தான் உனக்குச் சத்துரு. பொத்திக்கோ. வண்டியை எடு."

சாவியைத் திருப்பினேன். கியரில் இருப்பதை மறந்துவிட்டேன். கார் ஒரு தாவு தாவி அணைந்தது.

"இறங்கு" என்றான். "இறங்கு. உனக்கெல்லாம் இது வராது."

நான் இறங்கினேன். அவன் இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு நாற்பது நிமிடம் நடந்தேன்.

* * *

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கடையின் பின்பக்கம், ஆள் நுழைகிற அளவே இருக்கும் ஓர் அறையில், கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி அரைத்துக்கொடுக்கிற வேலை. அம்மாவின் புதுக் கண்ணாடியை வாங்கிவரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். மருமகளிடம் நேரடியாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. அரைக்கும் சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரல் நுனிகள் வெளுத்து ஊறியிருந்தன.

"வாங்க சயின்டிஸ்ட். உங்கம்மாவுக்குப் பவர் ஏறியிருக்கு. கிட்டத்துல இருக்கறது தெரியாது. எனக்கு அதிசயமா இல்ல."

எனக்கும் அவளுக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவள் வந்த புதிதில் என்னைச் சினிமாவுக்குக் கூப்பிட்டாள். நான் கூச்சத்தில் வரவில்லை என்றேன். அவள் அதை அகங்காரம் என்று எடுத்துக்கொண்டாள். நான் விளக்கவில்லை. அத்தோடு சரி.

"உட்காரு. அஞ்சு நிமிஷம் ஆகும்" என்றாள். உட்கார அங்கே இடம் இல்லை. கதவோரம் நின்றேன்.

சக்கரத்தை நிறுத்திவிட்டு வில்லையை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். "அவர் ரிப்போர்ட்டை நீ பார்த்தியா?"

"இல்ல."

"உங்கம்மா உன்கிட்ட காட்டலையா?"

"இல்ல அண்ணி."

"உன்னைப் போய்க் கேட்டேன் பாரு." மறுபடி சக்கரம் சுற்றியது. சத்தத்துக்கு மேல் பேசினாள். "டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாங்க, உங்க வீட்டுக்காரர் பேப்பர் எங்கன்னு. வண்டியில இருக்குன்னுவாரு. கடைசியில அவங்களே, நார்மல்னு எழுதிக்கட்டுமான்னு கேட்டாங்க. எழுதிக்கோங்கன்னாரு. அப்புறம்தான் எனக்குக் கருக்குழாய்ல சாயம் ஏத்திப் படம் எடுத்தாங்க. உனக்குத் தெரிஞ்சிருக்கும், படிச்சிருப்பே."

"தெரியும்."

"படிச்சதுல வலின்னு போட்டிருக்கா?"

நான் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தேன்.

"லேசா இருக்கும்னாங்க. பல்லைக் கடிச்சதுல கடவாய்ப் பல்லு ஓரமா உடைஞ்சுடுச்சு. வெளிய வந்தா உங்கண்ணன் போன் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. என்ன, முடிஞ்சுதா, எனக்கு ஒரு கிளாஸ் இருக்குங்கறாரு." சக்கரத்தை நிறுத்தினாள். "அந்த வீட்ல இருந்தே ஆகணும்னு எனக்கு ஒரு வேண்டுதலும் கிடையாது. ஆனா தப்பு என் மேலன்னு சொல்லி அனுப்பக் கூடாது. எங்கப்பா அதை நம்பிடுவாரு. அவரு அச்சடிச்ச பேப்பர்ல எது இருந்தாலும் நம்பற ஆளு. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் என்னைப் பார்த்துப் பாவப்படுவாரு. என்னால அதை மட்டும் தாங்க முடியாது."

சட்டத்தில் வில்லையை அழுத்திப் பொருத்தி, துடைத்து, கூட்டில் போட்டு நீட்டினாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. இதைப் போட்டா எல்லாம் பெருசாத் தெரியும். நம்பரும்தான்."

நான் சாயம் ஏற்றிய தேதியைக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். அண்ணன் கையில் ரிப்போர்ட் வந்து ஆறு வாரம் கழித்து நடந்திருக்கிறது.

அப்போதும் நான் சொல்லவில்லை. கண்ணாடிக்கூட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

* * *

ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் அப்பா பதினோரு மணிக்கு வந்தார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். ஒரு பை ஆப்பிளை மேஜை மேல் வைத்துவிட்டு, நாற்காலியின் முன் ஓரத்தில் உட்கார்ந்தார். எழுந்து இடம் விடத் தயாராக இருப்பவர் போல் இருந்தது.

அம்மா மேஜையில் தாள்களைப் பரப்பினாள். ஒரு பக்கம் அண்ணியின் தடித்த கோப்பு. இன்னொரு பக்கம் உறையில் போட்ட ஒற்றைத் தாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் நின்று சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அண்ணி சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"சம்பந்தி, நான் மனசுல ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேசற ஆளு கிடையாது. ஏழு வருஷம் பொறுத்தாச்சு. பொண்ணுங்கறவ வயசுக்கு வந்தா, கல்யாணம் பண்ணா, ரெண்டு பெத்தா, அப்புறம் எல்லாம் நின்னு ஓய்ஞ்சு உட்கார்ந்தா. அதுதான் வரிசை. உங்க பொண்ணு முதல் ரெண்டோட நின்னுட்டா. எனக்கு இந்த வயசுல எல்லாம் ஓய்ஞ்சுபோச்சு. எனக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?"

"என் வயசுல உங்களுக்கு வாய் இவ்வளவு இருந்துச்சா?" என்றாள் அண்ணி வாசலிலிருந்து.

"பாருங்க. பாருங்க சம்பந்தி. இதைத்தான் ஏழு வருஷமா சகிச்சுக்கிட்டிருக்கேன்."

அவர் மகளைப் பார்த்துக் கையமர்த்தினார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கோப்பைப் புரட்டினார். பிறகு ஒற்றைத் தாளை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். செல்லாத டிக்கெட்டோ என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டை அசைத்து வாசித்தார். "நில். நில். நில்."

"அவ்வளவுதான்" என்றாள் அம்மா. "ஒரு இடத்துலகூட நம்பர் கிடையாது. நான் கேட்கறது ஒண்ணுதான். குறை என் பொண்ணுகிட்டதான்னு உங்க வாயால சொல்லிட்டு, நல்லபடியாக் கூட்டிக்கிட்டுப் போங்க. நாங்க நல்லபடியா அனுப்பறோம்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "எனக்கு இதெல்லாம் புரியாது, சம்பந்தியம்மா. டிக்கெட்டைக் காட்டினா எங்க ஏறினான், எங்க இறங்கணும்னு சொல்லுவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீ இந்த வேலையிலேயே இருக்கே. என் பொண்ணுகிட்டதான் குறையா? நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொன்னா நான் வேற யாரையும் கேட்க மாட்டேன்."

"சொல்லுடி" என்றாள் அம்மா பெருமையோடு.

சாவிக்கொத்தின் சத்தம் நின்றது.

நான்கு பேர் என்னைப் பார்த்தால் எனக்கு முகம் கழுத்துவரை சிவந்துவிடும். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலையும் சொல்லாமல் மதிப்பெண்ணை விட்டவள் நான். அவர் 'நீ சொன்னா' என்றது மட்டும் காதில் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் அதையும் பதிலாகத்தான் எடுத்துக்கொள்வார்.

கோப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அண்ணியோட நம்பர் எல்லாம் இருக்க வேண்டிய அளவுதான். பக்கத்துலயே போட்டிருக்கு, இதுலேர்ந்து இதுவரைக்கும் இருக்கலாம்னு. எதுவுமே வெளிய போகல. குழாய்ல அடைப்பு இல்ல. குறை எதுவும் இல்ல."

"நம்பர் இருந்தா நல்லதா?" என்றாள் அம்மா. "என்னடி உளர்றே?"

"இதுல நம்பர் இருக்கணும்மா. அண்ணன் தாள்லயும் இருக்கணும். ஒரு மில்லிக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல இருக்கணும்."

"வாயை மூடு" என்றான் அண்ணன்.

"நில்னா இல்லைன்னு அர்த்தம்."

"அதான்டி. குறை இல்ல."

"உயிரணு இல்ல" என்றேன். மேஜை மேல் இருந்த ஆப்பிள் பையைப் பார்த்தபடி சொன்னேன். "அந்தச் சாம்பிள்ல ஒண்ணுகூட இல்ல."

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அவன் 'பொய்' என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"நீதானடி சொன்னே நில்னா நல்லதுன்னு!"

"உன் சர்க்கரைக்குச் சொன்னேன்."

"எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதானே போடறீங்க! நீங்களும் உங்க லேப்பும்! படிச்ச திமிர்ல ஆளாளுக்கு ஒரு அர்த்தம் வெச்சுக்கிட்டு..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கூடப் பொறந்தவனை நடு வீட்ல நிக்க வெச்சு உரிச்சுட்டியேடி. உனக்கு உள்ள இருக்கறது நெஞ்சா, கல்லா?"

அண்ணி வந்து தாளை எடுத்தாள். உறையிலிருந்து உருவி, மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள். அவள் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க பேசாதீங்கப்பா" என்றாள்.

"எனக்குச் சாயம் ஏத்தின அன்னைக்கு இது உங்க வண்டியில இருந்துச்சு."

அண்ணன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேட்கறேன். இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வெளிய உட்கார்ந்திருந்தீங்க."

"நான் எப்படி..."

"உள்ள நான் கத்தினது கேட்டுச்சா?"

அவன் சாவிக்கொத்தைப் பையில் போட்டான். எடுத்தான். மறுபடி போட்டான்.

"குழந்தை இல்லைன்னு எனக்கு வருத்தம் உண்டு" என்றாள் அண்ணி. "உங்களுக்கு இல்லைன்னு தெரிஞ்சிருந்தா வருத்தத்தோட இருந்திருப்பேன். ரெண்டு பேருமா இருந்திருக்கலாம். அதுல ஒண்ணும் இல்லீங்க." கடைசி வரை மரியாதையை விடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மறுபடி எடுக்கச் சொல்லிக் கீழ எழுதியிருக்கே. எடுத்தீங்களா?"

"இல்ல."

"நாலு மாசம்."

"எடுத்தா அதே வந்துடும்னு..." என்றான் அண்ணன். குரல் உடைந்தது. பதினைந்து வயதில் அவனுக்குக் குரல் மாறியபோது இப்படித்தான் பாதியில் கிழியும். நானும் அம்மாவும் சிரிப்போம். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவன் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டான்.

அண்ணி அரை மணி நேரத்தில் இரண்டு பெட்டி கட்டினாள். அந்த அரை மணி நேரமும் அவள் அப்பா அதே நாற்காலியில், இப்போது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒன்பதாவது படிக்கறப்ப அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சே. காது ஓரமெல்லாம் வீங்கி. அப்ப கீழயும் வலிக்குதும்மான்னு ஒரு நாள் சொன்னான். வயசுப் பையன், நான் என்னத்தைப் பார்க்கறது, தானா சரியாயிடும்னுட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "அதனாலயா?"

"இருக்கலாம். தெரியாதும்மா."

"இருக்கலாம்னு சொல்லாதே!"

"சரி. தெரியாது."

"இதையும் போய் அவங்ககிட்ட சொல்லிடாதே. கேட்டியா? சொன்னே, நீயும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவங்களோடயே போயிடு."

அவள் கை என் மேல்கையைப் பிடித்திருந்தது. நகம் பதிகிற அளவுக்கு. விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கீழே டாக்ஸி நின்றது. அண்ணி ஒரு பெட்டியோடு இறங்கிப் போயிருந்தாள். இன்னொன்றை அவள் அப்பா தூக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன். இரண்டு மாடி. படிகளில் பெட்டி என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

அண்ணி டாக்ஸியின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தாள். நான் பெட்டியை வைத்ததும் கேட்டாள். "கடைக்கு வந்தியே. அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"பத்து நாளா."

"பத்து நாள்" என்றாள். அவளுக்கு நான்கு மாதத்துக்கும் பத்து நாளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது முகத்தில் இருந்தது. "எங்கப்பா கேட்கலைன்னா?"

நான் யோசித்தேன். "தெரியல" என்றேன். அதுதான் உண்மை.

"இதையாவது உண்மையாச் சொன்னியே." உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். "அவர் மறுபடி டெஸ்ட் எடுக்க மாட்டாரு. உங்கம்மா எடுக்க விட மாட்டாங்க. எடுத்தா, என்ன வந்தாலும் சரி, எனக்குத் தெரியணும். அவர் வாயால சொல்லணும். அப்புறம்தான் அந்த வீட்டுப் படியேறுறதா வேணாமான்னு யோசிப்பேன். நீ அவர்கிட்ட சொல்லு. என் நம்பர் இருக்கா உன்கிட்ட?"

"இருக்கு."

"ஏழு வருஷமா இருக்கு. ஒரு தடவைகூட நீ கூப்பிட்டதில்ல."

அவள் அப்பா முன் இருக்கையில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நன்றி என்றா, இது உங்களுக்கு அடுக்குமா என்றா, எனக்குத் தெரியவில்லை. டாக்ஸி போய்விட்டது.

மேலே வந்தேன். அம்மா மேஜை மேல் இருந்த தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் கோப்பு அது. நான் தடுக்கவில்லை. அவற்றின் நகல்கள் மருத்துவமனையில் இருக்கும்.

அண்ணன் அறைக் கதவைத் தட்டினேன்.

"போ" என்றான் உள்ளேயிருந்து.

"மூணு நாள் இடைவெளி விடணும். காய்ச்சல் இருக்கக் கூடாது" என்றேன். வேலையில் தினமும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து யார் யாருக்கோ ஒப்பிக்கிற வரிகள். "ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்து கொடுக்கணும். எங்க லேப் வேண்டாம். ஆஸ்பத்திரி பக்கத்துல ஒண்ணு இருக்கு, அங்க என்னைத் தெரியாது. நான் கூட வர்றேன். வெளிய உட்கார்ந்திருப்பேன்."

கதவில் ஏதோ வந்து மோதி விழுந்தது. செருப்பாக இருக்க வேண்டும்.

"அவன்கிட்ட என்னடி பேச்சு? தள்ளிப் போ!" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"வியாழக்கிழமை" என்று கதவிடம் சொன்னேன். "காலையில எட்டு மணிக்கு."

மறுபடி தட்டினேன்.